சுனாமிக் காலத்துக் கோவைகளை இன்னும் வைத்திருக்க வேண்டுமா?

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கம் இயங்கும் சிறிய பெண்கள் அமைப்பு எங்களுடையது. சுனாமி வீட்டுத்திட்டத்திலிருந்து இன்றைய சுழற்சிக் கடன் வரைக்குமான கோவைகள் அலுமாரிகளில் நிரம்பிக் கிடக்கின்றன. புதிதாக நிதி தர வரும் நிறுவனம், தரவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதற்கு எழுத்தில் கொள்கை கேட்கிறது. இணையத்தில் கிடைத்த மாதிரியில் எல்லாவற்றுக்கும் 7 வருடம் என்று இருக்கிறது. அதையே போட்டு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே எண் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒவ்வொரு வகைக் கோவையையும் கையிலெடுத்து, நாளைக்கு இதைக் கேட்டு யார் வருவார், எதுவரை வரலாம் என்று பாருங்கள். காலம் அதிலிருந்துதான் வரும்.

கடன் கோவையை எடுங்கள். உள்ளே உடன்படிக்கை, பிணை நின்ற இருவரின் அடையாள அட்டைப் பிரதி, தவணை அட்டை. எழுத்திலான உடன்படிக்கை மீறப்பட்டால் 6 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடவேண்டும் என்கிறது இலங்கையின் 1871ஆம் ஆண்டு வழக்குக் காலவரையறைக் (Prescription) கட்டளைச் சட்டம். அந்த 6, கடன் கொடுத்த நாளிலிருந்து அல்ல, மீறிய நாளிலிருந்து. நடுவில் ஒரு தவணை கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ கணக்கு மறுபடி தொடங்கும். ஆகவே, கொள்கையில் ஆண்டை மட்டும் எழுதினால் போதாது, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலான மாதிரிகளில் இல்லாதது இதுதான்.

நன்கொடையாளர் உடன்படிக்கைகளையும் தேடி எடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியங்களில், இறுதிக் கொடுப்பனவு கிடைத்ததிலிருந்து 5 ஆண்டு, 60,000 யூரோவுக்கு மேற்படாத சிறிய மானியமென்றால் 3 ஆண்டு என்பது வழக்கமான நிபந்தனை. வவுச்சர்களுக்கு இதைப் பாருங்கள். வரி சம்பந்தப்பட்டவற்றை உங்கள் கணக்காய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் சரி.

பலருக்கும் தெரியாத ஒன்று: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களோடு நிற்பதில்லை. அரசாங்கத்திடமோ, வெளிநாட்டு அரசிடமோ, சர்வதேச அமைப்பிடமோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனத்தையும், அந்தச் சேவை பற்றிய தகவல் அளவில், அது உள்ளடக்குகிறது. அச்சட்டம் வந்த பிறகு உருவான பதிவேடுகளை 12 ஆண்டுகளுக்குக் குறையாமல் பேணவேண்டும். உங்கள் நிதி அப்படிப்பட்டதென்றால் பயனாளித் தெரிவுப் பட்டியலுக்கு 7 போட்டு அனுப்புவது வில்லங்கம்.

அப்படியானால் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். அதற்குத் தடை போடுவதுதான் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வரவேண்டியது தள்ளிப்போடப்பட்டது, உண்மைதான். ஆனாலும் அதன் அடிப்படையை நிதி தருபவர்கள் இப்போதே எதிர்பார்க்கிறார்கள்: எந்தத் தேவைக்காக விபரம் வாங்கினீர்களோ அந்தத் தேவை முடிந்தால், வைத்திருக்கும் நியாயமும் முடிந்தது. வேறு சட்டமோ ஆராய்ச்சி, வரலாற்றுத் தேவையோ கேட்டால் மட்டும் நீட்டிக்கலாம். கடன் கொடுக்காமல் நிராகரித்த விண்ணப்பத்தோடு குத்திய வங்கிப் புத்தகப் பிரதி உங்களுக்கு எதற்கு?

இனி சுனாமிக் கோவைகள். இங்கே நான் சட்டப் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவேன். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் சுனாமியிலும் திரும்பத் திரும்ப ஆவணம் இழந்த சனம் நம்முடையது. வீடு கையளித்த கடிதத்தின் ஒரே பிரதி உங்கள் அலுமாரியில் இருக்கலாம். தனியார் காணிக்கு உரிமை கோர, அதை 10 ஆண்டு இடையறாமல் தன் ஆட்சியில் (அனுபவத்தில்) வைத்திருந்ததைக் காட்டவேண்டிய ஒருவருக்கு அந்தத் திகதியும் கையெழுத்தும் பெரிய சாட்சி. கையளிப்புப் பதிவேட்டை நிரந்தரமாக வையுங்கள். அதே கோவையிலுள்ள மருத்துவக் குறிப்பு, பிள்ளைகளின் படம், குடும்ப வருமானப் படிவம் ஆகியவற்றைப் பிரித்தெடுங்கள். மூலப்பத்திரம் ஏதும் இருந்தால் உரியவரைத் தேடித் திருப்பிக் கொடுத்த பிறகே மற்றதை அழிக்கவேண்டும். பதிவுச் சான்றிதழ், யாப்பு, பொதுக்கூட்ட அறிக்கைகளையும் நிரந்தரப் பட்டியலில் சேருங்கள்.

அழிப்பதென்றால் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துக் கொடுப்பதல்ல. அடையாள அட்டைப் பிரதியில் கச்சான் சுற்றி வந்தால் யாருக்கு மானம் போகும்? கிழித்து எரியுங்கள். கணினியிலும், வெளிக்கள உத்தியோகத்தரின் போனிலும், வாட்ஸ்அப் குழுவிலும் கிடக்கும் படங்களையும் கணக்கில் எடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் போனில்தான் பாதி கிடக்கும். தகராறு, கணக்காய்வு, தகவல் கோரிக்கை ஏதாவது நடந்துகொண்டிருந்தால் காலம் முடிந்திருந்தாலும் அந்தக் கோவையைத் தொடாதீர்கள்.

கொள்கை இரண்டு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. கோவையின் வகை, எந்த நாளிலிருந்து எண்ணுவது, எத்தனை ஆண்டு, என்ன காரணம், யார் பொறுப்பு என்று ஓர் அட்டவணை. அழிப்புப் பதிவேட்டில் தலைவியும் பொருளாளரும் கையெழுத்திட வேண்டும் என்றும் ஒரு வரி. நிர்வாகக் குழுவில் நிறைவேற்றி, கூட்ட அறிக்கையில் பதிந்து, அதன் பிரதியை அனுப்புங்கள்.