ஒற்றைக் கால் ரோபோ

கேள்வி: நடக்கும் ரோபோக்களை ஆராய்ந்த மார்க் ரைபர்ட், முதலில் ஒரே காலுள்ள ரோபோவைச் செய்தது ஏன்? நான்கு கால் இருந்தால் விழாதே!
- வாசகி, கரூர்

பதில்: விழாது என்பதுதான் சிக்கல், அம்மா. எப்போதும் மூன்று கால்களை ஊன்றியபடி மெல்ல ஊர்ந்தால், சமநிலைக் கேள்வியையே தட்டிக்கழித்துவிடலாம். 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரைபர்ட் செய்த இயந்திரத்தால் சும்மா நிற்கவே முடியாது. குதித்துக்கொண்டே இருந்தால்தான் பிழைப்பு. பிடிவாதக்காரர்!

அது விழாமல் குதிக்க மூன்று விதிகள். கால் தரையை உதைக்கும் விசை, குதிக்கும் உயரத்தைப் பார்த்துக்கொள்ளும். பாதம் தரையில் இருக்கும்போது இடுப்பு மூட்டைத் திருகினால் உடல் நிமிரும். எனக்குப் பிடித்தது வேகக் கட்டுப்பாடுதான். ஓடும் வேகத்தை, பாதம் தரையில் தங்கும் நேரத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். இடுப்புக்கு அவ்வளவு தூரம் முன்னே பாதம் இறங்கினால் வேகம் மாறாது. இன்னும் முன்னே ஊன்றினால் வேகம் குறையும். சற்றுப் பின்னே ஊன்றினால் கூடும். எட்டாம் வகுப்புக் கணக்கு, அவ்வளவுதான்!

இதே விதிகளைப் பின்னர் இரண்டு கால், நான்கு கால் இயந்திரங்களுக்கும் விரித்தார். 1992இல் பாஸ்டன் டைனமிக்ஸ் என்ற ரோபோ நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவரே.