தட்டிலேயே கை கழுவும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சென்னையில் ஓட்டல் மேனேஜ்மென்ட் பட்டப்படிப்பு, இரண்டாம் வருஷம். பயிற்சிக்காக ஒரு நட்சத்திர ஓட்டலில் போட்டார்கள். முதலிலேயே ஹவுஸ்கீப்பிங். கக்கூஸ் கழுவச் சொல்கிறார்கள் என்று பத்தாம் நாளே கையெல்லாம் கொப்பளத்தோடு ஊருக்கு வந்துவிட்டான். வீட்டில் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போகிற பிள்ளை, அந்தத் தட்டைக்கூட அவன் தங்கச்சிதான் எடுப்பாள். அவனைப் போய் இந்த வேலை பார்க்கச் சொல்லலாமா? வீட்டுக்காரர், அதை விட்டுவிட்டு பி.காம். சேரச் சொல்கிறார். என் தம்பிக்குத் தெரிந்த ஒருவர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் சொகுசுக் கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார். மகளுக்குச் சேர்த்து வைத்த நகை இருக்கிறது, அடகு வைத்தால் புரட்டிவிடலாம். எது நல்லது, சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத தாய், அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். மூன்றரைப் பக்கத்துக்குக் கக்கூஸைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நான் நின்றுவிட்டது இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தத் தட்டில்தான். எவ்வளவு செல்லமாக வளர்த்தோம் என்று காட்டுவதற்காக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் வயிறு எரிந்தது.

அந்தத் தட்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒதுக்கிப்போட்ட கறிவேப்பிலை, மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, அதற்கு மேல் அவன் கை கழுவிய தண்ணீர். சோற்றுப் பருக்கை மிதக்கும், குழம்பின் எண்ணெய் வட்டம் வட்டமாக நிற்கும். கொஞ்சம் சாய்த்தால் தரையெல்லாம் கொட்டிவிடும். அதனால் உங்கள் மகள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பைய நடந்து புறவாசல் வரைக்கும் கொண்டு போவாள். அண்ணன் வீட்டில் இருக்கிற நாளெல்லாம், வேளைக்கு வேளை. அவளுக்கு எத்தனை வயது, என்ன படிக்கிறாள் என்று நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. தட்டு எடுப்பாள் என்பது மட்டும் இருக்கிறது, அப்புறம் அவளுக்கு நகை இருக்கிறது என்பதும்.

அவள் வருஷக் கணக்காக எச்சில் தண்ணீர் சுமந்ததற்கு நீங்கள் அழவில்லை. அவன் 10 நாள் கழுவியதற்கு அழுகிறீர்கள். எந்த ஓட்டலும் எந்தக் கல்லூரியும் உங்கள் பிள்ளையை அவமானப்படுத்தவில்லை. சுத்தம் செய்வது அடுத்தவர் வேலை, அதிலும் நம்மைவிடக் கீழே இருப்பவர் வேலை என்று அவனுக்குப் படித்துக் கொடுத்தது உங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு. அந்தப் பாடத்தைத்தான் அந்த ஓட்டலில் முதல் தடவையாக ஒருவர் அடித்துத் திருத்தப் பார்த்தார். பிள்ளை ஓடி வந்துவிட்டான்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதும் இல்லை. வள்ளியூர், சங்கரன்கோவில், சேரன்மகாதேவி என்று வருஷத்துக்கு நாலைந்தாவது வந்துவிடும். படிப்பில் சேர்க்கும்போது கோட்டு போட்டுக்கொண்டு வரவேற்பறையில் நிற்கும் படத்தைப் பார்த்துச் சேர்க்கிறீர்கள். அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

நான் சொல்கிறேன். கிச்சன், சர்வீஸ், ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் என்ற நான்கும்தான் அந்தப் படிப்பின் நான்கு கால்கள். தேசிய அளவில் நுழைவுத்தேர்வு எழுதிச் சேர்கிற தரமணிக் கல்வி நிலையமானாலும் சரி, பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரியானாலும் சரி, நான்கையும் தொடாமல் பட்டம் கிடையாது. இடையில் மாதக் கணக்கில் ஒரு ஓட்டலில் நிற்க வேண்டும், நான்கு பிரிவிலும் சுற்ற வேண்டும். அதை முடித்ததற்கான சான்றிதழும் வருகைப் பதிவும் இல்லையென்றால் அந்தப் பருவமே தேறாது. உங்கள் மகன் வீட்டில் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் கழிகிறது.

கக்கூஸ் கழுவுவதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது. கதவைத் தட்டிக் குரல் கொடுத்து, காத்திருந்து, உள்ளே போக வேண்டும். திரையை விலக்கி, பழைய விரிப்பை உருவிவிட்டு, முதல் வேலையாகக் கக்கூஸில் மருந்தை ஊற்றி ஊறவிட வேண்டும். அது ஊறுகிற நேரத்தில் படுக்கை போட்டாக வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம், தலையணையில் ஒரு முடி இருக்கக் கூடாது. கக்கூஸுக்கு ஒரு நிறத் துணி, வாஷ்பேசினுக்கு வேறு நிறம், கண்ணாடிக்கு வேறு. துணி மாறிப்போனால் கக்கூஸ் கிருமி, விருந்தாளி வாய் கொப்பளிக்கும் டம்ளருக்குப் போய்விடும். கடைசியாக உள்ளே மூலையிலிருந்து வாசலைப் பார்த்துச் சுத்தம் செய்துகொண்டே வெளியே வர வேண்டும், தன் கால்தடம்கூட மிஞ்சாமல். இப்படி ஒரு ஷிஃப்டில் ஓர் ஆளுக்கு 14 அறை, 16 அறை.

பெரிய ஓட்டல்களில் வருமானத்தின் பெரும்பங்கு அறை வாடகைதான். நாளைக்கு மேனேஜராகி உட்காருகிறவன் பதினாறாவது அறையில் ஒருவருக்கு இடுப்பு எப்படி வலிக்கும் என்று தெரியாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இருபது அறை போடச் சொல்லுவான். ஆள் நிற்காது, அறையும் சுத்தமாக இருக்காது.

சரி, கொப்பளத்தைப் பற்றி. இதில் உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. கையுறை கொடுத்தார்களா? கழுவும் மருந்தில் எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்களா? வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டா? ஒன்பது மணி நேரம் என்று சொல்லிவிட்டுப் பதிமூன்று மணி நேரம் நிறுத்தினார்களா? பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளைச் சம்பளமில்லாத ஆளாக வைத்துப் பிழிகிற இடங்களும் இருக்கின்றன. அப்படி நடந்திருந்தால் கல்லூரியில் பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், இடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு நானும் துணை நிற்பேன். ஆனால் உங்கள் நான்கு பக்கத்தில் கையுறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'நம்ம பிள்ளை போய் இதைச் செய்யலாமா' என்பது மட்டும் ஏழு இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

இந்த 'நம்ம பிள்ளை' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் இந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான். எங்கள் தாத்தா பந்தி விசாரிப்பதை ஊரே பேசும். மறுவீட்டுச் சாப்பாட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலை இலையாக நின்று, "சொதி இன்னும் கொஞ்சம் விடச் சொல்லட்டுமா, இஞ்சிப் பச்சடி வந்ததா" என்று கேட்டுக்கொண்டே போவார். சின்னப் பிள்ளை இலையையும் விட மாட்டார். விருந்தாளிக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றவும் தயங்க மாட்டார். அதைப் பார்த்து வளர்ந்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. ஆனால் இலை எடுக்க ஒருவர் வருவார். பந்தி எழுந்ததும் குனிந்து குனிந்து எச்சில் இலைகளை மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு போவார். எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஆக்குப்புரைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார். எத்தனையோ கல்யாணங்களில் அவரைப் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. சாப்பிட்டாரா என்று அவரிடம் தாத்தா கேட்டு நான் பார்த்ததில்லை. விருந்தோம்பலில் பாதியை நாம் செய்துவிட்டு, மீதிப் பாதியை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டோம். உங்கள் வீட்டில் சாதிக்குப் பதில் மகளை வைத்திருக்கிறீர்கள்.

அந்த மீதிப் பாதியைச் செய்ய ஆளில்லாமல்தான் நம் சீமையின் சுற்றுலாவே நாறிக் கிடக்கிறது. நமக்கு என்ன இல்லை? பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை. தட்டினால் ஓசை எழுப்பும் கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் ஆதிச்சநல்லூர். ஜூன் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல். ஒரு ஜூலை மாதம் நானும் என் அக்காவும் அவள் மகளும் குற்றாலம் போனோம். ஒரு விடுதியில் சீசன் வாடகை கொடுத்து அறை எடுத்தோம். குளியலறைக் கதவைத் திறந்த அக்கா அப்படியே மூடிவிட்டாள். அன்றைக்குப் பூராவும் மூன்று பெண்களும் தண்ணீர் குடிக்கவில்லை, எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தருவியில் அத்தனை தண்ணீர் கொட்டுகிறது, நாங்கள் வாய் வறண்டு நிற்கிறோம். அக்கா மகள் மறுபடி அந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்கிறாள். அவளைத் திரும்ப வரவழைக்கக் கூடிய படிப்பு ஒன்று உண்டென்றால் அது உங்கள் மகன் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிற படிப்புதான். அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

கப்பல் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சொகுசுக் கப்பலில் நம் பிள்ளைகள் பலருக்கும் கிடைப்பது அறைகளைச் சுத்தம் செய்கிற வேலையும் கிச்சன் வேலையும்தான். அங்கேயும் கக்கூஸ் உண்டு. ஒப்பந்தம் முடிகிற வரை, மாதக் கணக்கில், ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது. நினைத்தால் ஓடி வர அங்கே நெல்லை எக்ஸ்பிரஸும் இல்லை. அப்புறம், கப்பல் வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்க நம் நாட்டில் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். மாலுமிகளுக்கான 2006ஆம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தருவதற்கென்று ஆளிடம் காசு வாங்கவே கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம் போன்றவற்றுக்கு ஆகும் செலவு மட்டும்தான் நம்முடையது. உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி என்று அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். உங்கள் தம்பிக்குத் தெரிந்தவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். ஒன்றரை லட்சம் கேட்கிறபோதே அவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பி.காம். நல்ல படிப்பு. ஆனால் கக்கூஸுக்குப் பயந்து அதில் சேருகிறவன் அங்கேயும் நிற்க மாட்டான். பயிற்சியை முழுசாக முடித்துவிட்டு வந்து, "அம்மா, எனக்கு ஓட்டல் பிடிக்கவில்லை, ஊர் ஊராகப் போகிற சுற்றுலாப் பக்கம் போகிறேன்" என்று சொன்னால் தாராளமாக விடுங்கள். குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் சுற்றுலாக் கல்வி நிறுவனம் இருக்கிறது, நெல்லூரிலேயே அதன் கிளை உண்டு. பல கல்லூரிகளில் பி.பி.ஏ. சுற்றுலா இருக்கிறது. செய்து பார்த்துவிட்டு வேண்டாம் என்பதற்கு மரியாதை உண்டு.

இப்போது செய்ய வேண்டியது. இன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிட்டு எழும்போது, அவன் காதில் விழும்படி மகளிடம் சொல்லுங்கள்: "நீ எடுக்காதே." அவ்வளவுதான், பிரசங்கம் வேண்டாம். தட்டு காயட்டும், எறும்பு வரட்டும். எல்லாரும் தூங்கின பிறகு நீங்கள் போய் எடுத்து வைத்துவிடக் கூடாது. தாய்மார்களை எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லி வைக்கிறேன். உங்கள் வீட்டுக்காரரும் தட்டில்தான் கை கழுவுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் அவர் தட்டும் அங்கேயே இருக்கட்டும்.

சென்னைக்குத் திரும்புகிற நாள் வரை உங்கள் வீட்டுக் குளியலறை அவன் பொறுப்பு. பத்து நாளில் எதைக் கற்றுக்கொண்டான் என்று தங்கச்சிக்குச் செய்து காட்டட்டும். ஓட்டலுக்கும் கல்லூரிக்கும் அவனே போன் பண்ண வேண்டும். அப்பா பேசக் கூடாது, தாய்மாமன் பேசக் கூடாது. சொல்லாமல் வந்தது தப்பு என்று அவன் வாயால் சொல்ல வேண்டும், கையுறை வேண்டும் என்றும் அவன் வாயாலேயே கேட்க வேண்டும். கொப்பளம் ஆற நாலைந்து நாள் போதும். அதற்குள் டிக்கெட் போட்டுவிடுங்கள்.

மகள் நகையைத் தொடாதீர்கள். அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றி எழுதுங்கள்: என்ன படிக்கிறாள், மேலே என்ன படிக்க ஆசைப்படுகிறாள், ராத்திரி எத்தனை மணிக்குப் பாத்திரம் எல்லாம் முடித்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.