பிடிவாரண்டும் பிடிபடாததும்

கேள்வி: இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைப் பிடிக்கும்போது ஆங்கிலப் பத்திரிகைகள் ‘அப்ரிஹெண்டட்’ என்று போடுகின்றன. அதே செய்தியில் ‘மீனவர்களிடையே அப்ரிஹென்ஷன்’ என்றும் போடுகின்றன. கல்லூரியில் படிக்கும் என் மகளோ அதற்குப் ‘புரிந்துகொள்ளுதல்’ என்றும் பொருள் உண்டு என்கிறாள். ஒரே சொல் எப்படிக் கைது, பயம், புரிதல் மூன்றையும் குறிக்கும்? தமிழில் இந்தக் குழப்பம் இல்லையே?
— ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: மகள் சொல்வது சரி. உங்கள் கடைசி வரியோடுதான் எனக்கு வழக்கு. ‘பிடிக்கும்போது’ என்று முதல் வரியில் நீங்களே எழுதிவிட்டு, தமிழில் குழப்பம் இல்லை என்று சான்றிதழும் கொடுக்கிறீர்கள்.

கடலில் மீன் பிடிக்கிறோம். மீன் பிடித்தவரைக் கடற்படை பிடிக்கிறது. வாய்தாவுக்கு வராதவருக்குக் கோர்ட் பிடிவாரண்டு போடுகிறது. இருட்டில் பயம் பிடித்துக்கொள்கிறது. கணக்குப் பாடம் பிடிபடவே மாட்டேன் என்கிறது. கைது, பயம், புரிதல் மூன்றும் வந்துவிட்டதா? ஆங்கிலம் இதோடு நிறுத்திக்கொண்டது. நாம் நிறுத்தவில்லை. பஸ் பிடிக்கிறோம், கொழுக்கட்டை பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, மழை பிடித்துக்கொள்கிறது, காரியம் ஆக ஆள் பிடிக்கிறோம். போதாக்குறைக்குக் காதலையும் இதிலேயே சேர்த்துவிட்டோம். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் போனில் ‘பிடிச்சாச்சா?’ என்று கத்தினால், மீனா, பஸ்ஸா, மாப்பிள்ளையா, திருடனா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. ‘பிடிச்சாச்சு, ஆனா பிடிக்கலை’ என்று பதில் வந்தால் மாப்பிள்ளை என்று ஊகிக்கலாம். திருடனாகவும் இருக்கலாம்.

தமிழில் சொல் போதாது என்று மேடைக்கு மேடை முழங்கும் ஒரு கோஷ்டி உண்டு. அவர்களுக்கும் எனக்கும் பழைய கணக்கு. அவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். அங்கேயும் கதை பிடிதான். லத்தீனில் ‘பிரெஹெண்டெரே’ என்றால் பிடி, பற்று. அதில் பிறந்தது அப்ரிஹென்ஷன். மனத்தால் பிடித்தால் புரிதல். அதுதான் ஆங்கிலத்தில் மூத்த பொருள். சட்டம் பிடித்தால் கைது. அது 16ஆம் நூற்றாண்டில் வந்தது. பயம் கடைக்குட்டி. வேலை கற்றுக்கொள்ளப் போகும் அப்ரண்டிஸும், அடைத்து வைக்கும் ‘பிரிஸனு’ம் அதே வேரில் முளைத்தவைதான். மனிதன் அப்ரிஹென்ஷனில் கடவுளைப் போன்றவன் என்று ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் வியக்கிறான். ‘பயப்படுவதில் கடவுளைப் போன்றவன்’ என்று யாராவது மொழிபெயர்த்து எனக்கு அனுப்பிவிட வேண்டாம்.

இந்தச் சொல்லை வைத்து நம் சட்டம் அடித்திருக்கும் கூத்துதான் உச்சம். முன்ஜாமீன் பற்றிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438ஆம் பிரிவுக்குத் தலைப்பு என்ன தெரியுமா? ‘அரெஸ்டை அப்ரிஹெண்ட் செய்பவருக்கு’ ஜாமீன் வழங்க உத்தரவு. 2024 ஜூலையில் சட்டம் மாறி அது 482ஆம் பிரிவாகிவிட்டது, தலைப்பு மாறவில்லை. போலீஸ் அவரை அப்ரிஹெண்ட் செய்துவிடும் என்று அவர் அப்ரிஹெண்ட் செய்கிறார். அவருடைய அப்ரிஹென்ஷனை நீதிபதி அப்ரிஹெண்ட் செய்தால் ஜாமீன். வகுப்பில் மூன்று பொருளையும் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னால் மகள் இதை எழுதலாம். எனக்குத் தெரிந்து இந்த வகைப் பயம் பெரிய மனிதர்களுக்கு மட்டும்தான் உரிய நேரத்தில் வருகிறது. கடலில் வலை போட்டுக்கொண்டிருப்பவருக்கு முன்ஜாமீன் ஏது?

இனி ‘மீனவர்களிடையே அப்ரிஹென்ஷன்’. அதைத் தமிழ்ப்படுத்தும் நம் ஆட்கள் ‘மீனவர்கள் மத்தியில் அச்சம் நிலவுகிறது’ என்று எழுதுவார்கள். இந்த வாக்கியத்தோடு எனக்குப் பல வருஷப் பகை. நிலவ இது என்ன வாடைக்காற்றா? யார் பயந்தார், யார் பயமுறுத்தினார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. நிருபருக்கும் வசதி, அதிகாரிக்கும் வசதி. அப்ரிஹென்ஷன் என்றால் இனிமேல் நடக்கப்போவதைப் பற்றிய கலக்கம். பிடிபட்ட விசைப்படகுகள் அக்கரைத் துறைமுகங்களில் கிடந்து மக்கிக்கொண்டிருக்கும்போது, இது இனிமேல் நடக்கப்போவதா? 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் காகிதத்தில் போட்ட எல்லைக் கோடு தண்ணீரில் தெரியாது என்பார்கள். ஜி.பி.எஸ்ஸில் தெரியும், அதையும் சொல்லிவிட வேண்டும். அக்கரைத் தமிழ் மீனவருக்கும் ஓர் அப்ரிஹென்ஷன் உண்டு: கடலடியை வாரிக்கொண்டு போகும் நம் இழுவைமடி வந்து அவர் போட்ட வலையை அறுத்துக்கொண்டு போய்விடும் என்று. இதை எழுதினால் திட்டிக் கடிதம் வரும். வரட்டும்.

உங்கள் பக்கத்தில் இந்தக் கலக்கத்துக்கு அகராதியை விட நல்ல விளக்கம் ஒன்று இருக்கிறது. பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள், 3ஆம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று வருஷா வருஷம் படிக்கிறோம். மொத்தம் 11 எண்கள். 10 பெரும் அபாயம். அப்படியானால் 11 அதைவிடப் பெரிய புயலா? இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகலாம் என்று இங்கே இருக்கும் அதிகாரி கருதுகிறார் என்று அர்த்தம். சேதி வரவில்லை என்பதுதான் அந்தச் சேதி. அதைப் பத்துக்கும் மேலே வைத்தவர் யாரோ, மனுஷரைத் தெரிந்தவர்.

உங்கள் தெருவில் அந்தக் கூண்டு அடிக்கடி ஏறுகிறது. காலையில் வரவேண்டிய படகு மதியம் ஆகியும் வரவில்லை. போன் போட்டால், நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் பதமாகச் சொல்கிறது. எந்த எல்லைக்கு வெளியே என்பதுதான் வீட்டில் இருப்பவரின் கேள்வி. இதை நீங்கள் ‘அப்ரிஹென்ஷன்’ என்று சொல்லிப் பாருங்கள், அந்த வீட்டில் யாருக்கும் பிடிபடாது. ‘வயித்தைப் பிசையுது’ என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் செய்தி எழுத எந்த நிருபருக்கும் துணிச்சல் வராது; எழுதினாலும் உதவி ஆசிரியர் அடித்துவிட்டு ‘பதட்டம்’ என்று போட்டுவிடுவார்.

அப்புறம், அந்தப் ‘பதட்டம்’. பதறினால் பதற்றம். தடுமாறினால் தடுமாற்றம். ஏமாறினால் ஏமாட்டம் என்றா எழுதுகிறோம்? இதற்கு மட்டும் மறுப்புக் கடிதம் வேண்டாம். இதுவரை வந்து குவிந்ததே போதும்.