ஃப்ரீமேசன்கள் தங்கள் சேர்க்கைச் சடங்கை ஏன் இன்னும் வெளியே சொல்வதில்லை?

ஃப்ரீமேசன்கள் என்றால், சடங்கு செய்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, மூடிய கதவுக்குள் கூடும் ஒரு பழைய சகோதர சங்கத்தார். நான் அதில் உறுப்பினர் இல்லை. என் பெரியப்பா சென்னையில் முப்பது வருடத்துக்கு மேல் ஃப்ரீமேசனாக இருந்தவர். மாதத்தில் ஒரு நாள் கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு தட்டைப் பெட்டியோடு, "லாட்ஜுக்குப் போயிட்டு வரேன்" என்று எழும்பூருக்குக் கிளம்புவார். அவர்கள் கிளைக்குப் பெயரே லாட்ஜ்தான். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பெரியம்மா அதை வைத்துக் கிண்டல் செய்யாத மாதம் கிடையாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்தச் சடங்கு இன்று ரகசியமே இல்லை. 1730லேயே லண்டனில் சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் அதைக் கேள்வி பதிலாக அச்சிட்டு விற்றுவிட்டார். சில நாட்களிலேயே மறுபதிப்பு போடும் அளவுக்கு அது விற்றது. அப்படியிருந்தும் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே வாளோடு ஒருவரைக் காவலுக்கு நிறுத்தித்தான் இன்றும் நடத்துகிறார்கள்.

தொடக்கத்தில் இது வயிற்றுப்பாட்டு விஷயம். மேசன் என்றால் கல்தச்சர்; அவர்கள் வழக்கத்திலிருந்து வந்ததுதான் இந்த ரகசியம். ஸ்காட்லாந்தில் கல்தச்சர்கள் வேலை தேடி ஊர் ஊராகப் போவார்கள். வந்து நிற்பவன் முறையாகத் தொழில் படித்தவனா, சும்மா கல் அடுக்கத் தெரிந்தவனா என்று பார்க்கச் சான்றிதழ் எதுவும் கிடையாது. அந்த இரண்டாவது ரகத்தைக் 'கோவன்' என்பார்கள். அரசரின் கட்டட அதிகாரி வில்லியம் ஷா 1598ல் போட்ட விதிகளில், கோவன்களை வேலைக்குச் சேர்க்கக் கூடாது என்றே இருக்கிறது. தொழில் படித்தவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல், அதோடு ஒரு கைகுலுக்கல்: இவைதான் அடையாள அட்டை. அது வெளியே போனால் கூலி போச்சு. பிறகு கல்லைத் தொட்டே பார்க்காத கனவான்கள் வந்து சேர்ந்தார்கள். வேலைக்கான அவசியம் போனது, வழக்கம் தங்கிவிட்டது.

ஆனால் பழக்கதோஷம் மட்டும்தானா என்றால், இல்லை. சேரப் போகிறவராக இருந்தால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்கிறவரின் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, ஒரு காலில் செருப்போடு உள்ளே கூட்டிப்போவார்கள். அதற்கு முன்பே மோதிரம், சில்லறை, பர்ஸ் என்று உலோகம், காசு எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். சடங்கின் பின்பகுதியில் அவரை ஒரு மூலையில் நிறுத்தி, ஏழைகளுக்காக ஏதாவது கொடுங்கள் என்று தட்டை நீட்டுவார்கள். அவர் தடவிப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது. அத்தனை பேர் முன்னால் நல்ல வேலையில் இருக்கும் மனிதர் "என்னிடம் இல்லை" என்று சொல்ல வேண்டும். நாளைக்கு உன்னிடம் ஒருவன் கையேந்தினால் இந்த நிமிடத்தை நினைத்துக்கொள் என்பார்கள். அவ்வளவுதான். முன்கூட்டியே தெரிந்து வந்தவருக்கு இது வெறும் நாடகம். தெரியாமல் வந்தவருக்கு ஒரு நொடி காது சுடும்.

திருக்கோஷ்டியூரில் இராமாநுசர் கோபுரம் ஏறி மந்திரத்தை ஊருக்கே சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வைணவர்கள் ஆசாரியரிடம் போய்த்தானே உபதேசம் வாங்குகிறார்கள்?

இதற்காக அவர்கள் செய்ததெல்லாம் நியாயம் என்று சொல்ல மாட்டேன். சடங்கைச் சொன்னால் தொண்டையை அறுப்போம் என்ற மாதிரி வாசகங்கள் உறுதிமொழியில் இருந்தன. இங்கிலாந்து தலைமை லாட்ஜ் 1986ல்தான் அவற்றை உறுதிமொழியிலிருந்து எடுத்தது. வெறும் பேச்சுக்குத்தான் என்பார்கள். 1826ல் நியூயார்க் மாகாணத்தில் பட்டேவியா என்ற ஊரில் இருந்துகொண்டு சடங்கை அச்சிடப் போவதாகச் சொன்ன வில்லியம் மார்கனை ஒரு சில்லறைக் கடனுக்காகக் கனன்டைகுவா என்ற ஊர்ச் சிறையில் போட்டு, யாரோ கடனைக் கட்டி வெளியே எடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. புத்தகம் வந்தேவிட்டது. அந்த ஆத்திரத்தில் மேசன் எதிர்ப்புக் கட்சி என்றே ஒன்று கிளம்பி, 1832 அதிபர் தேர்தலில் வெர்மான்ட் மாகாணத்தை ஜெயித்தது. சாத்திய கதவுக்கு ஊர் தன் இஷ்டத்துக்குக் கதை கட்டும், பாதி பழி அவர்கள் தேடிக்கொண்டதுதான்.

கல்லூரி நாட்களில் பெரியப்பாவின் சடங்குப் புத்தகம் என் கையில் சிக்கியது. உள்ளங்கை அகலம், நீல அட்டை. முக்கியமான சொற்களுக்கு முதல் எழுத்தும் புள்ளிகளும் மட்டும். மாட்டிக்கொண்டபோது திட்டுவார் என்று நினைத்தேன். "படிச்சிட்டியாடா? சரி விடு. இனிமே நீ சேர்ந்தாலும் உனக்குப் பாதிதான் கிடைக்கும்" என்றார். அதில் நிஜமான வருத்தம் இருந்தது.

நான் சேராததற்கு இதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையில், விடியற்காலையில் மொட்டை மாடியில் அவர் நடந்துகொண்டே பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ததைப் பார்த்தவன் நான். நமக்கு அதெல்லாம் ஆகாது.