பெட்டி நிறையத் துணி, ஆனால் யோசனை வரவில்லை

கேள்வி: ஆறு வருடமாக எம்பிராய்டரியும் ஒட்டுத்துணி வேலையும் செய்கிறேன். தையல் கைக்கு வந்துவிட்டது. அம்மாவின் பழைய சேலைகள், பிளவுஸ் வெட்டிய துண்டுகள் என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் துணி இருக்கிறது. சொந்தமாக ஒன்று செய்ய உட்கார்ந்தால் மட்டும் எதுவும் தோன்றுவதில்லை. போனில் படம் பார்த்துப் பார்த்தே பொழுது சாய்ந்துவிடுகிறது. கடைசியில் யாரோ செய்ததைப் பார்த்து அப்படியே செய்கிறேன். யோசனைக்கு எங்கே போவது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அந்தப் பெட்டியைத் தரையில் கொட்டுங்கள். படத்தில் நாம் பார்ப்பது வேலை முடிந்த பொருளை. எந்த நிறம், எவ்வளவு பெரிது, எதை விட்டுவிடுவது என்பதையெல்லாம் அதைச் செய்தவர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார். உங்களுக்கு மிஞ்சுவது ஊசி வேலை மட்டும். துணியிலிருந்து தொடங்கினால் அந்தத் தீர்மானங்கள் உங்கள் கைக்கு வரும்.

நீலகிரியில் தோடர் பெண்கள் போடும் பூவேலையைப் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல், அவ்வளவுதான். அச்சு வைப்பதில்லை, பென்சிலால் வரைவதும் இல்லை. நெசவின் இழைகளை எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார்கள். வடிவம் அந்த எண்ணிக்கையிலிருந்தே எழுகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அதன் உருக்களை எடுத்துத் தைத்து விற்காதீர்கள், அவை அந்த மக்களுக்கு உரியவை. இழை எண்ணும் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

அதற்கு உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. பெட்டியில் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை ஒன்றாவது இருக்குமே? அந்தக் கட்டம் தறியிலேயே போட்டுக்கொடுத்த வரைதாள். ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டத்தில் ஓட்டுத் தையல் போடுங்கள். அடுத்த வரிசையில் ஒரு கட்டம் தள்ளித் தொடங்குங்கள். மூன்றாவது வரிசை வரும்போதே, இங்கே நிரப்பலாம், அங்கே வெறுமையாக விடலாம் என்று கை கேட்க ஆரம்பிக்கும். பல வருடம் கற்றுக்கொடுத்ததில் நான் கண்டது இது: வெள்ளைத் துணியின் முன்னால் திகைத்து உட்காருபவர்கள் கட்டத் துணியைக் கையில் கொடுத்ததும் தைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இன்னொரு பயிற்சி. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் நடுவில் 5 செ.மீ. சதுரமாக ஓர் ஓட்டை வெட்டுங்கள். அதை வீட்டுத் தரையில் உள்ள ஆத்தங்குடிக் கல்லின் மேல் வைத்து நகர்த்துங்கள். முழுப் பூவைத் தேடாதீர்கள். பாதி இதழும் ஒரு கோட்டின் வளைவும் மட்டும் ஓட்டைக்குள் வரும் இடத்தில் நிறுத்தி, அதை வரைந்துகொள்ளுங்கள். முழுப் பூ எல்லோருக்கும் தெரிந்தது. அந்தத் துண்டு நீங்கள் கண்டது. அந்த அட்டையையே கதவுச் செதுக்கல், சேலை முந்தானை, வேப்பம்பட்டை என்று எதன்மீதும் வைத்துப் பார்க்கலாம்.

ஒட்டுத்துணி வேலைக்குத் கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளை, அதாவது குழல் வடிவத் துணி அலங்காரங்களை, போய்ப் பாருங்கள். தெருமுனையில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதால் அவற்றின் உருக்கள் பெரிதாக, அழுத்தமான நிறங்களில் வெட்டப்பட்டிருக்கும். நீங்கள் செய்வதை எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

துணியோடு வேறு பொருள் சேர்க்க ஆசையிருந்தால் பனையோலையில் தொடங்கலாம். கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைபவர்களிடம் சாயம் போட்ட ஓலை நறுக்குகள் கிடைக்கும். ஈரத் துணியில் சற்றுநேரம் சுற்றி வைத்தால் ஓலை இளகும், ஊசி இறங்கும்போது பிளக்காது. பசை வேண்டாம். பட்டில் பசை கறையாகத் தங்கும், ஓலையிலிருந்து நாளடைவில் விட்டுவரும். தைத்தே பிடியுங்கள்.

பழைய சேலையில் கை வைக்கும் முன் இரண்டைக் கவனிக்க வேண்டும். பட்டு மடிப்பு வாட்டத்தில் இற்றிருக்கும். அடியில் மெல்லிய மல் துணி கொடுத்து, இரண்டையும் சேர்த்து இழையோட்டிய பிறகே தையுங்கள். சாயம் போகுமா என்று பார்க்க, ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துண்டைத் துவைக்காத சுவர் வேலைக்கு ஒதுக்குங்கள்.

முதலில் 15 செ.மீ. சதுரத்துக்கு மேல் போக வேண்டாம். ஒரே துணி, இரண்டு நூல் நிறம், ஏழு துண்டு. சரியில்லாததைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். ஏழும் முடிந்ததும் வரிசையாகப் பரப்பி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எதைப் பெரிதாக்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.