ஐஸை விடாமல் சூடாக்கினாலும், உருகி முடியும்வரை வெப்பநிலை ஏன் ஏறுவதில்லை?

கொடுக்கிற வெப்பம் எங்கும் காணாமல் போவதில்லை, வேறு வேலைக்குப் போகிறது.

திடப்பொருளில் மூலக்கூறுகள் நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். சூடாக்கினால் அதிர்வு கூடும். அதைத்தான் தெர்மாமீட்டர் வெப்பநிலை உயர்வாகக் காட்டுகிறது. ஃப்ரீசரிலிருந்து மைனஸ் 18 டிகிரியில் எடுத்த 100 கிராம் ஐஸை 0 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3,800 ஜூல் போதும். அப்புறம்தான் வேடிக்கை. அதை முழுக்கத் தண்ணீராக்க ஏறத்தாழ 33,400 ஜூல் வேண்டும்! அவ்வளவும் மூலக்கூறுகளை வரிசையாகப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்தவே செலவாகிறது. நன்றாகக் கலக்கிக்கொண்டே அளந்தால், கடைசித் துண்டு இருக்கும்வரை 0 டிகிரிதான். உருகிய அந்தத் தண்ணீருக்கே இன்னொரு 33,400 ஜூல் கொடுத்துப் பாருங்கள், 80 டிகிரிக்குப் போய்விடும்.

இப்படி வெப்பநிலையை ஏற்றாமல் உருக்கவே செலவாகும் வெப்பத்தைப் பாடநூல்கள் உள்ளுறை வெப்பம் என்கின்றன. 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற விஞ்ஞானி அளந்து சொன்னது.

சரி, கொதிக்கும்போது? இதே கதைதான், ஆனால் மூலக்கூறுகளை ஒன்றைவிட்டு ஒன்று முழுதாகப் பிரிக்க வேண்டும்; 100 டிகிரியில் கிராமுக்கு ஏறத்தாழ 2,260 ஜூல். நீராவி கையில் பட்டுத் தண்ணீராகும்போது அத்தனையும் தோலில் இறங்கும். கொதிநீரைவிட ஆவி மோசமாகச் சுடுவது அதனால்தான்.

எல்லாத் திடப்பொருளும் இப்படி ஒரே வெப்பநிலையில் நின்று உருகாது. கண்ணாடியில் ஒழுங்கான படிக அடுக்கு இல்லை. அது சூடேறச் சூடேற மெல்ல இளகிக்கொண்டே போகும். அதற்கு உருகுநிலை என்று ஒற்றை எண் சொல்ல முடியாது.