தாதியர் பயிற்சிக்குப் போகப் போறதை வேலை நேர்முகத்தில் சொல்லலாமா?

உயர்தரம் உயிரியலில் மூன்று பாடமும் சித்தி, தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருக்கிறீங்க, அதுவரைக்கும் மட்டக்களப்பு ரவுனில் ஒரு தனியார் வைத்தியசாலையில் உதவியாளராகச் சேரப் போறீங்க. அதைச் சொன்னால் எடுக்க மாட்டாங்களோ என்றுதானே யோசனை?

தங்கச்சி, பயிற்சி தொடங்குற திகதி கையில் இருந்தால் சொல்லுங்க. திகதி இல்லாட்டி நீங்களாகத் தொடங்கத் தேவையில்லை. கேட்டால் மட்டும் மறைக்காதீங்க. பொய் சொல்லப் பழக்குறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேணாம். சுகாதார அமைச்சு வருசா வருசம் ஒரே மாதத்தில் விண்ணப்பம் கோருவதில்லை. வர்த்தமானி, தெரிவு, நேர்முகம், மறுகாதான் கடிதம். எப்ப வரும் என்று உங்களுக்கே தெரியாத ஒன்றைத் தாதியருக்குப் பொறுப்பான மேட்ரனிடம் சொல்லி அவ என்ன செய்ய?

கேட்டால் இப்படிச் சொல்லுங்க: "விண்ணப்பிக்கிற எண்ணம் இருக்கு மேடம். கடிதம் வந்தால் ஒரு மாதம் முன்னுக்கு அறிவிச்சுத்தான் போவன். அதுவரை இரவுக் கடமையும் செய்வன்." அவங்களுக்குப் பெரிய பயம் நைட் டியூட்டிதான். புதுசா வந்த பிள்ளைக்குப் பிறஷர் பார்த்துக் குறிக்கவும், ஊசிக் கழிவைப் பிரிச்சுப் போடவும் பழக்கிக் கையில் விட வாரக்கணக்கு ஆகும். அந்தப் பிள்ளை சொல்லாமல் வேலையை விட்டு நின்றால் ரோஸ்டர் முழுக்க மற்றவங்கட தலையில் விழும்.

பகுதிநேரப் படிப்பு என்றால் கதை வேற. வகுப்பு சனி ஞாயிறு என்றால் முதல் நாளே சொல்லியாகணும். வார்டுக்கு ஆள் பிடிக்கக் கஷ்டமான நாட்களே அவைதான்.

இத்தனை மாதம் நிற்பேன், இடையில் போனால் பணம் கட்டுவேன் என்ற பொண்ட் (ஒப்பந்தம்) தந்தால் உடனே கையெழுத்து வைக்காதீங்க. எத்தனை மாதம், இடையில் போனால் எவ்வளவு, அது எந்த நாளில் இருந்து, பிணையாளி யார் என்று பாருங்க. "அரச தாதியர் பயிற்சிக்குத் தெரிவானால் பணம் அறவிடப்படாது" என்று ஒரு வரி எழுத்தில் கேளுங்க. வாய்ச்சொல் காணாது.

சான்றிதழின் மூலப்பிரதியைக் கொடுத்துவிட்டு வராதீங்க. காட்டிட்டு அங்கேயே திருப்பி வாங்குங்க. சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதி போதும். அமைச்சின் நேர்முகத்தில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சாதாரண தரம், உயர்தரம் எல்லாத்திலும் மூலப்பிரதிதான் கேட்பாங்க. அந்த நேரம் அது வைத்தியசாலை அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தால், பொண்ட் காசு கட்டும் வரைக்கும் தர மாட்டோம் என்பாங்க.

மேட்ரனிடம் சொல்ல வேண்டிய நாள், அமைச்சின் நேர்முக அழைப்பு கிடைச்ச நாள். கடைசிக் கடிதம் வரைக்கும் இருந்தால், சமூகமளிக்கச் சொன்ன திகதிக்குள் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க நாள் போதாமல் போகலாம். நேர்முகம் கொழும்பில் என்றால் இரவு ரயிலில் போய்வர இரண்டு நாள் லீவும் வேணும். இராஜினாமாக் கடிதம் இரண்டு பிரதி. ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்குங்க. வாங்க மறுத்தால் பதிவுத் தபால். சேவைக் கடிதத்தில் "உதவியாளர்" என்றே இருக்கட்டும். இலங்கைத் தாதியர் சபையில் பதியாத ஆளுக்குத் "தாதி" என்று எழுதித் தந்தால் பின்னுக்கு உங்களுக்குத்தான் சிக்கல்.

கேட்காத ஒன்றையும் சொல்றேன், எனக்கு மனம் பொறுக்காத விசயம். "முதல் ஆறு மாதம் ட்ரெய்னிங், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை" என்று கல்முனை, களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளிடமும் சொல்றாங்க. தகுதிகாண் காலம் என்றாலும் முதல் நாளில் இருந்தே அது உண்டு: உங்கட சம்பளத்தில் 8 வீதம், அவங்க 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அவங்களே வேறாக. நாங்க கேட்க மாட்டோம் என்ற துணிவில்தான் இப்படி நடக்குது. சேர்ந்த மாதமே அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்க, சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்க, பதிவில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கா என்றும் பாருங்க.